பெயர் பெறாத அறை: ஐரோப்பிய உள்ளறை ஓவியங்களில் மறைந்த நிகழ்வும் தலைப்பின் பங்கும்

ஆய்வுச்சுருக்கம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி முதல் உலகப்போர் வரையிலான காலத்தில் ஐரோப்பிய ஓவியர் சிலர், வீட்டின் உள்ளறையைக் கொடிய நிகழ்வுகளுக்கும் வாய்விட்டுச் சொல்லப்படாத உணர்வுகளுக்கும் உரிய களமாகத் தீட்டினர். இவ்வோவியங்களில் நிகழ்வு காட்டப்படுவதில்லை. கட்டில், விளக்கு, கதவு, சுவர்த்தாள், திரும்பிய முதுகு ஆகியவை அதன் இடத்தில் நிற்கின்றன. ஆயினும் தலைப்போ கதையோ வெளியிலிருந்து வந்து சேர்ந்தவுடன் அறையின் பொருள் மாறிவிடுகிறது. அம்மாற்றம் எத்தகையது, அதனால் பெறப்படுவது எது, இழக்கப்படுவது எது என்பவற்றை இக்கட்டுரை தெகா, சிக்கர்ட் ஆகியோர் ஓவியங்களை முதன்மையாகக் கொண்டு ஆராய்கிறது. அகத்திணை மரபின் பெயர் சுட்டாமைக் கோட்பாடு இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உள்ளறை ஓவியம், பெயர் சுட்டாமை, கருப்பொருள், தெகா, சிக்கர்ட், வல்லோட்டன், ஹமர்ஷோய்

முன்னுரை

நெடுநல்வாடை அகமா, புறமா என்னும் வினா தமிழாய்வுலகம் நன்கறிந்தது. கூதிர்க்கால நள்ளிரவு, யானைத் தந்தத்தாலான வட்டக் கட்டில், மேல்விதானத்தில் தீட்டப்பெற்ற திங்களும் உரோகிணியும், அதனை நோக்கிக் கண்ணீர் உகுக்கும் அரசி என அப்பாட்டின் ஒரு பகுதி முழுமையும் உள்ளறைச் சித்திரிப்பாக விரிகிறது. பிரிவுத்துயரம் அவளால் சொல்லப்படுவதைக் காட்டிலும் அறையிலுள்ள பொருள்களால் சொல்லப்படுகிறது. எனினும் நச்சினார்க்கினியர் இதனைப் புறம் என்றார். பாசறைக் காட்சியில் வரும் வேலின் தலையில் வேப்பந்தார் கட்டப்பட்டுள்ளமையும், வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூவாதலும் அவர் காட்டும் காரணங்களாம். ஓர் அடையாளம் தலைவனை இன்னாரெனச் சுட்டியதும் அதுவரை எவர்க்கும் உரியதாயிருந்த துயரம் ஒரு குறிப்பிட்ட அரசனின் வரலாறாயிற்று. அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்பெறார் என்னும் தொல்காப்பிய விதி இத்தீர்ப்பின் அடிப்படை.

ஐரோப்பிய ஓவியர் எவரும் இம்மரபை அறிந்திருந்தார் எனக் கூறுவதற்கு இடமில்லை. இக்கட்டுரையும் அவ்வாறு கூற முற்படவில்லை. ஆனால் ஓர் அறை எப்போது அகமாக நிற்கிறது, எப்போது புறமாகிவிடுகிறது என்பதனைத் தமிழ் உரையாசிரியர்கள் வகுத்துப் பார்த்த கூர்மை, மேலைநாட்டு உள்ளறை ஓவியம் பற்றிய விவாதங்களில் போதிய அளவு காணப்படவில்லை. அவ்விவாதங்கள் பெரும்பாலும் 'இங்கே என்ன நடந்தது?' என்னும் வினாவிலேயே நின்றுவிடுகின்றன. அவ்வினாவை எழுப்புவது ஓவியத்திற்குள் இருப்பதா, அதன்மேல் எழுதப்பட்ட பெயரா என்பது முதலில் ஆராயத்தக்கது.

தெகாவின் அறை

எட்கர் தெகா 1868–69 ஆண்டுகளில் தீட்டிய ஓவியம் ஒன்று இன்று ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் 'உள்ளறை' என்னும் பெயரில் வைக்கப்பட்டுள்ளது. அதற்கு 'வன்புணர்வு' என்னும் மற்றொரு பெயரும் வழங்குகிறது. பின்னைய பெயர் தெகா இட்டதன்று. தம் இல்வாழ்க்கைக் காட்சி ஓவியம் என்னும் பொருளிலேயே அவர் அதனைக் குறிப்பிட்டு வந்தார். ஏறத்தாழ நாற்பதாண்டுகள், 1905 வரை, அது பொதுமக்கள் பார்வைக்கு வராமல் அவரிடமே இருந்தது.

படத்தில் இருப்பவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பது பயன்தரும். வலப்புறம், மூடிய கதவில் சாய்ந்தவாறு ஓர் ஆண் நிற்கிறான். முழு உடையுடன், கைகளைச் சட்டைப்பையில் இட்டு, கால்களை அகற்றி ஊன்றியுள்ளான். அவன் நிழல் கதவின்மேல் அவனைக் காட்டிலும் பெரிதாக எழுகிறது. இடப்புறம், அவனுக்கு முதுகு காட்டியவாறு, தோளிலிருந்து நழுவிய வெள்ளை உள்ளாடையுடன் ஒரு பெண் குனிந்திருக்கிறாள். இருவருக்கும் இடையில் ஒரு சிறு வட்ட மேசை. அதன்மேல் விளக்கொன்றும் திறந்து கிடக்கும் பெட்டியொன்றும் உள்ளன. பெட்டியின் உட்புறத்து இளஞ்சிவப்புத் துணி விளக்கொளியில் சிவந்து தெரிகிறது. ஒருவர் மட்டுமே படுக்கத்தக்க ஒடுங்கிய கட்டில். தரையில் கிடக்கும் இடைக்கச்சு. அறையின் மறுகோடியில் ஆணின் உயரத் தொப்பி. கட்டிலின் கால்மாட்டில் பெண்ணின் மேலங்கி. பூவேலைப்பாடமைந்த சுவர்த்தாள்.

இவற்றுள் எதுவும் குற்றமன்று. இடைக்கச்சு தரையில் கிடப்பதும் தொப்பி ஓரிடத்தில் வைக்கப்பட்டிருப்பதும் எந்த வீட்டிலும் காணக்கூடியவை. ஆயினும் இவ்வறையைப் பார்ப்பவர் எவரும் அமைதியாகப் பார்த்து நீங்குவதில்லை. அதற்குக் காரணம் பொருள்களின் தன்மையன்று. அவை வைக்கப்பட்டுள்ள இடம். தொப்பி கதவுக்கு எதிர்க்கோடியில் உள்ளது. எனவே அவன் இப்போதுதான் உள்ளே நுழைந்தவனல்லன். அறையின் கடைசிவரை சென்று மீண்டு கதவருகே நிற்பவன். வெளியேறும் வழி ஒன்றே. அதனை அவன் உடல் அடைத்துள்ளது. தரைப்பலகைகள் பார்வையாளரை நோக்கிச் சரிந்து வருவதால் நடுவிலுள்ள வெற்றிடம் அகன்று தோன்றுகிறது. வெளிச்சம் அப்பெண்ணின் முகத்தில் விழவில்லை. வெற்றுத்தோளிலும் திறந்த பெட்டியிலும் விழுகிறது. பெட்டி திறக்கப்பட்டிருப்பதும் அவள் உடல் மறைக்கப்படாதிருப்பதும் ஒரே ஒளியில் இணைக்கப்படுகின்றன. உள்ளுறை என்பதற்குத் தமிழ் இலக்கணம் தரும் பொருளோடு இது முற்றும் ஒத்ததன்று. ஆனால் கருப்பொருள் தன் இயல்பு மாறாமலே மற்றொன்றைக் குறிப்பாக உணர்த்தும் முறை இங்கும் செயற்படுகிறது.

இவ்வோவியம் தீட்டப்பெற்ற காலத்தில் நண்பர் ஒருவர் தெகாவுக்கு எழுதிக் கொடுத்த குறிப்புகள் எஞ்சியுள்ளன. அவை ஓவியர் ஜேம்ஸ் டிசோ எழுதியவை என்று ஆய்வாளர் கருதுவர். அறை வெளிச்சமாக உள்ளது, மறைபொருள் போதவில்லை, பெட்டி கண்ணை உறுத்துகிறது என்னும் போக்கில் அமைந்தவை அவை. நண்பரின் கவலை கதை விளங்குமா என்பதைப் பற்றியதன்று. இருள் போதுமா என்பதைப் பற்றியது. ஓவியர்களுக்கிடையே நிகழ்ந்த இவ்வுரையாடல், பின்வந்த ஆய்வாளர்களின் தேடலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது கருதத்தக்கது.

அத்தேடலின் உச்சம் தியடோர் ரெஃப் 1972இல் முன்வைத்த கருத்தாகும். எமில் ஸோலாவின் 'தெரேஸ் ரக்கேன்' (1867) என்னும் நாவலே இவ்வோவியத்தின் மூலம் என்றார் அவர். அந்நாவலில் தெரேசும் அவள் காதலன் லோராவும் சேர்ந்து அவளுடைய கணவனை ஆற்றில் மூழ்கடித்துக் கொல்கின்றனர். காலம் கடந்து இருவரும் மணம் செய்துகொள்கின்றனர். மணநாள் இரவில் அறைக்குள் வரும் லோரா கதவை மூடி அதில் சாய்ந்து நிற்கிறான். தெரேஸ் உள்ளாடையுடன் நெருப்பருகே அமர்ந்திருக்கிறாள். கொல்லப்பட்டவனின் நினைவு இருவரையும் நெருங்கவிடுவதில்லை. தோற்ற ஒற்றுமை மறுக்கத்தக்கதன்று. தெகா அந்நாவலைப் படித்திருக்க வாய்ப்பு மிகுதி. ஆயினும் மணமக்கள் அறையில் ஒருவர்க்கு மட்டுமே போதுமான கட்டில் ஏன் என்னும் வினாவுக்கும், மேசையின் நடுவே கண்ணைப் பறிக்கும் அப்பெட்டி எதற்கு என்னும் வினாவுக்கும் நாவலில் விடை கிடைப்பதில்லை. மறுப்பாளர் இவற்றைச் சுட்டிக்காட்டினர்.

இங்கே இரு தரப்பாரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: ஓவியத்திற்கு வெளியே ஒரு கதை இருந்தாக வேண்டும். இவ்வுடன்பாடே ஐயத்திற்குரியது. 'வன்புணர்வு' என்னும் பெயரை ஏற்பவர், நடந்து முடிந்த குற்றத்தைக் காண்கிறார். அவருக்கு ஆண் குற்றவாளி, பெண் பாதிக்கப்பட்டவள். 'தெரேஸ் ரக்கேன்' என்பதை ஏற்பவர், இருவரையும் கொலையாளிகளாகக் காண்கிறார். திரும்பிய முதுகு முதற்படிப்பில் அவமானம்; இரண்டாம் படிப்பில் அச்சமும் குற்றவுணர்வும். ஒரே முதுகு, ஒரே நிழல், ஒரே பெட்டி. பெயர் மாறியதும் இரக்கத்திற்குரியவர் மாறிவிடுகிறார். தெகா நாற்பதாண்டுகள் இதற்குக் கதைப்பெயர் எதனையும் இடாமல் காத்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதனால் விளைந்த பயன் தற்செயலன்று: யாருடைய இரவு என்று சொல்லப்படாத காரணத்தால், கதவருகே நிற்கும் உடலின் அச்சுறுத்தல் மட்டும் குறையாமல் நிற்கிறது.

பண்புப்பெயர்களின் தொகுதி: வல்லோட்டன்

சுவிட்சர்லாந்தின் லோசானில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஃபெலிக்ஸ் வல்லோட்டன் (1865–1925) வேறொரு வழியைக் கையாண்டார். 1898இல் வெளிவந்த 'அந்தரங்கங்கள்' என்னும் தொகுதி பத்து மரச்செதுக்கு அச்சோவியங்களைக் கொண்டது. முப்பது படிகள் மட்டுமே அச்சிடப்பட்டன. பின்னர் மரக்கட்டைகள் அழிக்கப்பட்டன. வெட்டப்பட்ட துண்டுகளைச் சேர்த்து அச்சிட்ட ஒரு தாளே அழிப்புக்குச் சான்றாக வழங்கப்பட்டது. கணவன் மனைவி, காதலர், கள்ள உறவினர் என எவராகவும் இருக்கக்கூடிய இணையர் பூந்தொட்டிகளும் திரைச்சீலைகளும் நிறைந்த நடுத்தர வர்க்க அறைகளில் நிற்கின்றனர், தழுவுகின்றனர், விலகி அமர்கின்றனர். தலைப்புகள் 'பொய்', 'பணம்', 'ஈடுசெய்ய முடியாதது' என அமைகின்றன. இவை நிகழ்வின் பெயர்கள் அல்ல, ஆட்பெயர்களும் அல்ல. திணைக்கு உரிப்பொருள் சுட்டுவதுபோல அறையின் உணர்வுநிலையை மட்டும் சுட்டுகின்றன.

'பொய்' என்னும் படத்தில் இருவர் இறுகத் தழுவியுள்ளனர். பொய் சொல்பவர் யார் என்பது காட்டப்படவில்லை. 'பணம்' இத்தொகுதியின் உச்சம். சாளரத்தருகே வெண்ணிற உடையில் பெண். அவளை நோக்கி ஏதோ சொல்லும் ஆண். அவனுடைய கரிய உடை எங்கே முடிகிறது, அறையின் இருள் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாவண்ணம் படத்தின் பெரும்பகுதி ஒரே கருமையாக உள்ளது. மரச்செதுக்கில் கருமை என்பது செதுக்காமல் விட்ட பரப்பு. அதாவது கலைஞர் தொடாமல் விட்ட இடமே அறையை விழுங்குகிறது. தொழில்நுட்பமும் பொருளும் இவ்வளவு நெருங்கி நிற்பதற்கு வேறு சான்று காண்பது அரிது.

மறுஆண்டு அவர், குழந்தைகள் மூவரையுடைய கைம்பெண்ணான கேப்ரியேலை மணந்தார். அவ்வாண்டே தீட்டிய 'விளக்கொளியில் இரவுணவு' என்னும் ஓவியத்தில், முன்புறத்தில் முகமற்ற கரிய உருவமாகத் தம் முதுகையே வரைந்துகொண்டார். மேசைக்கு அப்பால் புதிய மகள் அவரை நேராக உற்று நோக்குகிறாள். சண்டையில்லை, சொல்லில்லை. சொந்த வீட்டு உணவு மேசையில் ஒருவர் நிழலாக அமர்ந்திருப்பதே செய்தி. வல்லோட்டன் எழுதி அவர் இறந்தபின் வெளிவந்த நாவலின் தலைப்பு 'கொலைகார வாழ்க்கை' என்பதாகும். இத்தகைய தலைப்பைத் தம் ஓவியம் எதற்கும் அவர் இடாததும் இங்கே நினைக்கத்தக்கது.

சுவரும் தரையும்

இவரது நண்பர் எதுவார் வுய்யார் ஏறத்தாழ 1893இல் தீட்டிய தாயும் தமக்கையும் உள்ள ஓவியத்தில் தலைப்பு உறவை மட்டும் சொல்கிறது. தையற்கூடம் நடத்திக் குடும்பத்தைக் காத்த தாய், கரிய உடையில், முழங்கால்மேல் கையூன்றி அறையின் நடுவே நாட்டப்பட்டதுபோல் அமர்ந்துள்ளார். தமக்கையின் கட்டமிட்ட உடை சுவர்த்தாளின் புள்ளிகளுக்குள் கரைந்துவிடுகிறது. படத்தின் மேல்விளிம்பு தலையில் இடிக்குமோ என அஞ்சுபவள்போல் அவள் குனிகிறாள். அடக்குமுறை என்னும் சொல்லைப் பயன்படுத்தாமலே அது சுவர்த்தாளால் உணர்த்தப்பட்டுள்ளது.

எட்வர்ட் மங்க் அதே 1893இல் தீட்டிய 'நோயறையில் இறப்பு' இவ்வரிசையில் சற்றே விலகி நிற்பது. அதன் பின்னுள்ள நிகழ்வு ஐயத்திற்கிடமற்றது: அவருடைய தமக்கை சோஃபி 1877இல் காசநோயால் இறந்தார். ஆனால் ஓவியத்தில் சோஃபியின் முகம் தெரிவதில்லை. நாற்காலியின் முதுகுப்புறமே தெரிகிறது. சுற்றி நிற்கும் உடன்பிறந்தோர் 1877இல் இருந்த சிறார்களாக அன்றி, ஓவியம் தீட்டிய ஆண்டின் வளர்ந்த தோற்றத்தில் உள்ளனர். பதினாறு ஆண்டுகளாக அவர்கள் அவ்வறையை விட்டு வெளியேறவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஒருவரையொருவர் தொடாமல், நடுவே வெறுந்தரையை விட்டு நிற்கும் அவ்வமைப்பு தெகாவின் அறையை நினைவூட்டுகிறது.

கேம்டன் டவுன்: பெயர் செய்த வேலை

1907 செப்டம்பர் 12 காலையில், இலண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் எமிலி டிம்மக் என்னும் இளம்பெண் தம் வாடகை அறையின் கட்டிலில் கழுத்தறுபட்டு இறந்து கிடந்தார். பாலியல் தொழிலிலும் ஈடுபட்டு வாழ்ந்தவர் அவர். இரயிலில் சமையல் பணி செய்து இரவு முழுதும் வெளியே இருந்த அவருடைய துணைவர் வீடு திரும்பியபோதே கொலை தெரியவந்தது. கண்ணாடிப் பொருள்களுக்கு அணிவடிவம் வரையும் ராபர்ட் வுட் என்பவர் கைது செய்யப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் நடந்த விசாரணையில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். கொலையாளி இன்றளவும் அறியப்படவில்லை. நாளிதழ்கள் இதனைப் பெருஞ்செய்தியாக்கின.

அப்பகுதியில் அறைகளை வாடகைக்கு எடுத்துத் தீட்டிவந்த வால்ட்டர் சிக்கர்ட், இக்கொலைக்கு முன்னரே இரும்புக் கட்டிலில் கிடக்கும் ஆடையற்ற பெண்ணுருவைப் பொருளாகக் கொண்டிருந்தார். கொலைக்குப் பின்னர், அதே கட்டிலருகே உடையணிந்த ஆண் ஒருவன் வந்து சேர்கிறான். இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பிரித்தானியக் கலை மையத்தில் உள்ள ஓவியம் ஏறத்தாழ 1908ஐச் சார்ந்தது. கட்டிலின் விளிம்பில் ஆண் தலைகவிழ்ந்து, கைகளைக் கோத்து அமர்ந்துள்ளான். அவனுக்குப் பின்னே பெண், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கிடக்கிறாள். அவள் உறங்குகிறாளா, அழுகிறாளா, உயிரோடிருக்கிறாளா என்று தூரிகையின் தடித்த வண்ணத் தீற்றல் சொல்ல மறுக்கிறது. இவ்வோவியத்திற்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று 'கேம்டன் டவுன் கொலை'. மற்றொன்று 'வாடகைக்கு என்ன செய்வோம்?' என்பது.

இவ்விரு பெயர்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் ஓவியம் இரண்டாகிறது. முதற்பெயரில் கோத்த கைகள் கொன்ற கைகள், கவிழ்ந்த தலை செய்துவிட்டதன் பாரம், பெண் பிணம். இரண்டாம் பெயரில் அதே கைகள் வேலையற்றவன் கைகள். அதே தலை கடன்பட்டவன் தலை. பெண் சோர்ந்து படுத்த மனைவி அல்லது துணைவி. வறுமையும் கொலையும் ஒரே தோற்றத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. இதனைச் சிக்கர்ட்டின் விளையாட்டுப் போக்கு என்று சிலர் தள்ளிவிடுவர். அவர் தலைப்புகளை எளிதில் மாற்றியவர் என்பது உண்மையே. ஆயினும் 1911 ஜூனில் கேம்டன் டவுன் குழுவினர் நடத்திய முதல் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய படங்களுள் இரண்டுக்குக் கொலை வரிசையின் முதலாம், இரண்டாம் எண்கள் எனப் பெயரிட்டமை கவனமற்ற செயலாகத் தோன்றவில்லை. அப்பெயர் கூட்டத்தை ஈர்க்கும் என்பதை நாளிதழ் வாசகராகிய அவர் அறியாதிருக்க இயலாது.

இங்கேதான் நெடுநல்வாடை பற்றிய தீர்ப்பு உதவுகிறது. வேப்பந்தார் எவ்வாறு ஒரு தலைவனின் துயரைப் பாண்டியனின் துயராக்கியதோ, அவ்வாறே 'கேம்டன் டவுன்' என்னும் இடப்பெயர் எவருடையதாகவும் இருந்த ஓர் அறையைச் செய்தியின் அறையாக்குகிறது. உள்ளறை புறமாகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அது சிறிதன்று. வேம்பு சுட்டுவது ஓர் ஆளை. சிக்கர்ட்டின் தலைப்பு சுட்டுவதோ ஊரையும் குற்றத்தையும் மட்டுமே. எமிலி டிம்மக் என்னும் பெயர் அத்தலைப்பில் இல்லை. அகப்பாடலில் பெயரின்மை தலைவியைக் காக்கிறது. அவள் துயரம் அலராகாமல், அனைவர்க்கும் உரிய உணர்வாக நிற்க இடம் தருகிறது. இங்கே பெயரின்மை அப்பெண்ணைக் காக்கவில்லை. அவருடைய இறப்பு வெளியே எடுத்துச் செல்லப்பட்டது. அவர் மட்டும் உள்ளே விடப்பட்டார். அகத்தின் காப்பும் இல்லை, புறத்தில் வீழ்ந்தோர்க்குக் கிட்டும் நடுகல்லும் இல்லை. இரண்டுக்கும் இடையே ஓர் இரும்புக் கட்டில் மட்டும் எஞ்சுகிறது.

சிக்கர்ட்டுக்கு எதிராக மட்டும் இதனைச் சொல்லி முடித்தல் நேர்மையாகாது. 'வாடகைக்கு என்ன செய்வோம்?' என்னும் மாற்றுப்பெயர், செய்தித்தாள் கேட்காத வினாவைக் கேட்கிறது. ஒரு பெண் அந்நியரைத் தம் அறைக்குள் அனுமதிக்க நேர்வது எதனால் என்பதற்கு வாடகை என்னும் சொல்லே போதிய விடை. கொலையைத் தனியொரு வெறியனின் செயலாகக் காட்டிய விசாரணைச் செய்திகளைக் காட்டிலும் இத்தலைப்பு அவ்வறையின் பொருளியலுக்கு நெருக்கமானது. ஓவியம் இரு பெயர்களையும் தாங்கி நிற்பதாலேயே அதன் மதிப்பு குறையாமல் உள்ளது.

பெயரைச் சான்றாகக் கொள்வதன் இடர்ப்பாட்டையும் சிக்கர்ட்டிடமே காணலாம். மார்னிங்டன் கிரசென்டில் அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான பெண்மணி, முன்பு அங்கே தங்கியிருந்த இளைஞனே 'ஜாக் தி ரிப்பர்' என அழைக்கப்பட்ட 1888ஆம் ஆண்டுக் கொலையாளி என நம்பினார். அக்கதையைக் கேட்ட சிக்கர்ட் அவ்வறையைத் தீட்டி 'ஜாக் தி ரிப்பரின் படுக்கையறை' எனப் பெயரிட்டார். அது இப்போது மான்செஸ்டர் கலைக்கூடத்தில் உள்ளது. மங்கிய ஒளி புகும் ஓர் இருட்டறை, அவ்வளவே. ஒரு நூற்றாண்டு கழித்து, 2002இல், குற்றப்புனைகதை எழுத்தாளர் பட்ரீசியா கார்ன்வெல், சிக்கர்ட்டே அக்கொலையாளி என வாதிட்டு நூல் எழுதினார். ஓவியங்களையும் சான்றாகக் காட்டினார். கலை வரலாற்றாசிரியர்கள் இதனை ஏற்கவில்லை. அக்கொலைகள் நிகழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில் சிக்கர்ட் ஃபிரான்சில் இருந்ததைக் கடிதங்கள் காட்டுகின்றன. இருண்ட அறையைத் தீட்டியவர் இருண்ட செயலைச் செய்திருக்க வேண்டும் என்னும் இவ்வாதம், பாலைத்திணை பாடியவர் அனைவரும் ஆறலைகள்வர் என்பதற்கு நிகரானது.

அலுப்பும் வெறுமையும்

ஏறத்தாழ 1914இல் சிக்கர்ட் தீட்டிய 'அலுப்பு' என்னும் பெரிய ஓவியத்தில் கொலை இல்லை, கட்டிலும் இல்லை. சுருட்டுப் புகைத்தபடி மேசையருகே அமர்ந்த முதியவர். அவருக்குப் பின்னே இழுப்பறைப் பேழையில் சாய்ந்து சுவரைப் பார்க்கும் பெண். அவளருகே கண்ணாடிக் கூண்டுக்குள் பாடம் செய்து வைக்கப்பட்ட பறவைகள். இலண்டன் டேட் கலைக்கூடத்தில் உள்ள இவ்வோவியத்தைப் பற்றி வர்ஜீனியா வுல்ஃப் 1934இல் வெளியிட்ட சிறுநூலில் பேசுகிறார். சிக்கர்ட்டைக் கதைசொல்லியாகக் கண்டு, அம்முதியவருக்கு ஒரு வாழ்க்கையையே புனைந்து கொடுக்கிறார். நாவலாசிரியர்க்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் தலைப்பு நிகழ்வைக் கைவிட்டு உணர்வைச் சுட்டுவதும், அதனால் அறை மீண்டும் அகமாவதும் இங்கே நோக்கத்தக்கன. கூண்டுப்பறவை பெண்ணுக்கு உவமையென்று எவரும் எழுதி வைக்கவில்லை. அவள் முகத்திற்கருகே அது வைக்கப்பட்டுள்ளது, அது போதும்.

கோபன்ஹேகனில் வாழ்ந்த வில்ஹெல்ம் ஹமர்ஷோய் (1864–1916) இதற்கும் அப்பால் சென்றவர். 1898 முதல் 1909 வரை மனைவி ஈடாவுடன் ஸ்ட்ராண்ட்கேட் தெருவில் 30ஆம் எண் வீட்டில் குடியிருந்தபோது, அவ்வீட்டின் அறைகளையே அறுபதுக்கும் மேற்பட்ட முறை தீட்டினார். சாம்பல், வெண்மை, மங்கிய பழுப்பு ஆகியவற்றைத் தவிர வேறு நிறம் அரிது. நாற்காலிகள் அகற்றப்பட்டுள்ளன, கதவுகள் அடுத்த கதவுகளை நோக்கித் திறந்துள்ளன. ஈடா இருந்தால் பெரும்பாலும் முதுகு காட்டி நிற்கிறார். 1900இல் தீட்டிய ஓவியம் ஒன்றில் சாளரத்து வெயிலில் மிதக்கும் தூசியைத் தவிர எதுவுமே இல்லை.

தெகாவின் முதுகுக்குப் பின்னே ஒரு கதையைத் தேட இடமிருந்தது; சிக்கர்ட்டின் முதுகுக்குப் பின்னே ஒரு செய்தித்தாள் இருந்தது. ஈடாவின் முதுகுக்குப் பின்னே எதுவுமில்லை. இருந்தும் இவ்வறைகளுக்கு முன் நிற்பவர் 'இங்கே ஏதோ நடந்திருக்கிறது' என்றே உணர்கின்றனர். மணவாழ்வின் முறிவு, மனநோய், யாரோ ஒருவரின் இறப்பு என விளக்கங்களும் பெருகுகின்றன. நிகழ்வே இல்லாத இடத்திலும் அவ்வுணர்வு எழுமாயின், அதன் பிறப்பிடம் நிகழ்வன்று. மூடிய கதவு, காட்டாத முகம், ஆளில்லா இருக்கை, ஒரே பக்கத்திலிருந்து வரும் ஒளி ஆகியவை தம்மளவிலேயே அதனை எழுப்ப வல்லவை. வீடு என்பது பிறர் பார்வை நுழையாத இடம் என்னும் வரையறையே, அங்கே பார்க்கக்கூடாதது ஒன்று உண்டு என்னும் ஐயத்தையும் தன்னுள் கொண்டுள்ளது. ஹமர்ஷோய் அவ்வரையறையைத் தவிர வேறெதனையும் தீட்டவில்லை. அவர் படங்கள் பலவற்றின் தலைப்பு வெறும் 'உள்ளறை' என்பதும் அதனை அடுத்து வரும் தெரு முகவரியும் மட்டுமே.

கவிஞர் ரில்க 1904இல் கோபன்ஹேகனில் அவரை நேரில் சந்தித்து, அவர் ஓவியங்களைப் பற்றிக் கட்டுரை எழுத எண்ணினார். அக்கட்டுரை எழுதப்படவே இல்லை.